கடலை ஊறிய சப்பாத்து

என் வீட்டுக் கூடத்தில் அக்காவின் கலியாணப் படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஜோடிப் பொருத்தம் என்றால் இதுதான் என்கிறார்கள். மாப்பிள்ளையின் காதுக்கு அக்காவின் நெற்றி வருகிறது. வெள்ளைச் சேலை, தலையில் வலை முக்காடு, கையில் பூச்செண்டு. முழங்காலுக்குக் கீழே படம் இல்லை. அந்த இல்லாத இடத்தைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். பொருத்தம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வருகிறது என்பது என் பிள்ளைகளுக்கே தெரியாது.

அப்போது மலாயாவில் வெள்ளைக்காரன் ஆட்சி, அவசர காலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று எங்களை வேலிக்குள் போட்டார்கள். கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளிக் கிடந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், அங்கங்கே இருந்த தொழிலாளர் லயங்களைப் பிரித்து எல்லாரையும் ஒரே இடத்தில் குடிவைத்து, சுற்றிலும் முள்கம்பி கட்டி, ஒரே ஒரு வாசல் வைத்தார்கள். விடிந்ததும் வாசல் திறக்கும். பால்மரத்தின் பட்டையை வெட்டிப் பால் எடுக்கப் போகிறவர்கள் வரிசையில் நின்று சோதனை கொடுத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். பெண்களுக்கென்று ஒரு சோதனைக்காரி இருந்தாள். அவளும் தமிழச்சிதான், பட்டணத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வாளிக்குள் கைவிடுவாள், ரவிக்கைக்குள் கைவிடுவாள், கொண்டையை அவிழ்த்து உதறச் சொல்வாள். பிள்ளைக்கு என்று ஒரு துண்டு வறட்டு ரொட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு போன ஒருத்தியை லோரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். பல மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தாள்.

அக்கா மரம் வெட்டுகிறவள். தினமும் அந்த வாசலில் அவள் தலை அவிழ்ந்தது. வெளியே போய் நின்று, வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு மறுபடி கொண்டை போட்டுக்கொண்டு நடப்பாள். ஒரு நாளும் எதுவும் சொன்னதில்லை. தங்கச்சி நான்தான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பல்லைக் கடிப்பேன்.

தரகர் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். எங்களைப் போலவே மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம், பட்டணத்தில் வீடு, படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் எழுத்து வேலை. அம்மா குடும்பத்தைப் பற்றி விசாரித்தாள். அப்பா குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். அக்கா அடுப்படியிலிருந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அங்க வெளிய போறப்ப கொண்டைய அவுக்கச் சொல்ல மாட்டாங்கதானே?"

தரகர் சிரித்துவிட்டார், பட்டணத்தில் ஏது வாசல் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கலியாணம் நடந்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு நான் முடிவு செய்துகொண்டேன், என்னை யாரும் கேட்காவிட்டாலும்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா நல்ல உயரம். மகனும் அப்படித்தான், லயத்து நிலைப்படியில் குனிந்துதான் நுழைந்தார். அந்த அம்மா அக்காவை நிற்கச் சொன்னார், மகனுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார், தள்ளி நின்று பார்த்தார். அப்படியே கிளம்பிப் போய்விட்டார். பிறகு தரகர் ஒரு அட்டைப் பெட்டியுடன் வந்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம், குள்ளம் ஒன்றுதான் குறையாம். கோயிலில் பக்கத்தில் நின்றால் அப்பனும் மகளும் போல இருக்குமாம். உறவுக்காரர்கள் முன்னால் தலைகுனிவாம். அதனால் இதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பெட்டிக்குள் வெள்ளைச் சப்பாத்து. துரைசானிகள் போடும் ரகம், முன்னால் கூர், பின்னால் என் நடுவிரல் நீளத்துக்குக் குதி. தரகர் போகும்போது இன்னொன்றும் சொன்னார். பெண் நொண்டாமல் நடக்க வேண்டும். நொண்டினால் ஏதோ ஊனத்தை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று ஊர் பேசும், அப்புறம் அவர்கள் பொறுப்பில்லை. அப்பா சரி சரி என்று தலையாட்டினார். எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக் கால்வாயில் வீச வேண்டும் போலிருந்தது. குனிந்து வரத் தெரிந்த மாப்பிள்ளைக்குக் கோயிலில் மட்டும் குனியத் தெரியாதா?

அனுப்பியவர்களுக்கு எங்கள் கால் தெரியாது. பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு மலையும் சேறும் மிதித்த கால் அகலமாகத்தான் இருக்கும். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிந்துதான் இருக்கும். சறுக்கும் மண்ணில், தோளில் காண்டாக் கம்பை வைத்து இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கச் சொட்டுச் சிந்தாமல் இறங்கி வருகிற கால் அது. அந்தக் காலை அக்கா அந்தக் கூருக்குள் திணித்தாள். நாலடி வைப்பதற்குள் முகம் வெளுத்துவிட்டது. கழற்றியபோது சுண்டுவிரல் பக்கம் தோல் உரிந்திருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சப்பாத்துக்குத்தான் சீராட்டு. அம்மா இலவம்பஞ்சைத் துணியில் வைத்துத் தைத்து உள்ளே போட்டாள். பஞ்சு நகர்ந்து நகர்ந்து முன்னால் போய் விரல்களை இன்னும் நெருக்கியது. அப்பா ஒவ்வொரு மாலையும் உள்பக்கம் விளக்கெண்ணெய் தேய்த்தார், தோல் இளகும் என்று. குதிகாலை அறுக்கும் பின்விளிம்புக்கு நான் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். மாதா படத்துக்கு முன்னால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவர்த்தி அது. மாதா மன்னிப்பார், அவரும் வெறுங்காலோடு நடந்தவர்தானே என்றேன். அம்மா வாயைப் பொத்து என்றாள்.

அக்கா நடப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று பிடிபட்டது. குதி உயரமாக இருப்பதால் கால் முழுவதும் முன்னால் சறுக்கிப்போய் விரல்களின் மேல் விழுகிறது. மெத்தை போட்டுப் பிரயோசனமில்லை, சறுக்காமல் பிடித்து நிறுத்த வேண்டும். அப்பா புகைக்கூட்டில் ரப்பர் தகடு தொங்கவிடும் வேலை செய்தார். கிழிந்துபோன தகட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்தார். அதைப் பாதத்தின் முன்பகுதி அளவுக்கு வெட்டி, ரப்பர் பாலையே பசையாகத் தடவி உள்ளே ஒட்டினோம். சப்பாத்துக்குள் புகைநாற்றம் அடித்தது, ஆனால் கால் நின்ற இடத்தில் நின்றது. அக்கா முதன்முதலாக லயத்து முன்தாழ்வாரமான அஞ்சடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். முன்னால் சாய்ந்து நடக்காதே, அது வாளி தூக்குகிற நடை, நிமிர்ந்து சின்ன அடியாக வை என்று அம்மா கூடவே நடந்தாள். லயத்துப் பெண்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் சிரித்ததில் கேலியில்லை, ஆனாலும் எனக்கு எரிந்தது.

அகலம் மட்டும் வசப்படவில்லை. அதற்கு வழி சொன்னது தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டில் சமைக்கும் பெண். சப்பாத்துக்குள் காய்ந்த கொண்டைக்கடலையை நெருக்கித் திணித்து, தண்ணீர் தெளித்து, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி வைக்க வேண்டும். கடலை ஊற ஊற உப்பும், தோல் கொடுத்துத்தான் ஆக வேண்டும். செய்து பார்த்தோம். மறுநாள் கொட்டிவிட்டுப் போட்டுப் பார்த்தபோது கால் தாராளமாக நுழைந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் சாயங்காலத்துக்குள் தோல் காய்ந்து மறுபடி சுருங்கிவிட்டது. அதனால் கலியாணத்துக்கு முதல்நாள் கடலையைத் திணித்துக் கட்டி, கோயில் வாசல் வரைக்கும் அப்படியே கொண்டுபோய், காலில் போடும் நேரத்தில்தான் கொட்டுவது என்று அம்மா முடிவு செய்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டைவிட்டுப் போகிற பெண்ணின் முந்தானையில் ஒரு பிடி அரிசி முடிந்து அனுப்புவது எங்கள் வழக்கம். வேதத்துக்கு வந்த பிறகும் அதை நாங்கள் விடவில்லை. கலியாணத்தன்று காலை அம்மா பழக்கத்தில் அரிசியை அள்ளி முடிந்துவிட்டாள். அப்பா பார்த்துப் பதறி, வாசலை நினைவுபடுத்தினார். அம்மா முடிச்சை அவிழ்த்தாள். மணிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, சேலையின் மடிப்பையெல்லாம் உதறி, ஒரு குருணைகூட ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்தாள். வெற்று முந்தானையோடு மகளை அனுப்புகிறோமே என்று அழுதாள். விருந்து மாப்பிள்ளை வீட்டில்தான் என்பதால் நாங்கள் ஒரு வாழைப்பழம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அத்தனை கவனமாக இருந்த நாங்கள், துணிப்பையில் சப்பாத்தை வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனோம். எங்கள் கண்ணுக்கு அது கடலையாகத் தெரியவில்லை. எலும்பு நிமிர்த்தக் கட்டும் மட்டையைப் போல, சப்பாத்தில் வைத்துக் கட்டிய ஒரு சாமான், அவ்வளவுதான்.

சோதனைக்காரி கலியாணப் பெண் என்றும் பார்க்கவில்லை. முக்காட்டை எடுக்கச் சொன்னாள். அம்மா விடியுமுன் எழுந்து பூ வைத்துப் பின்னிய கொண்டையை அவிழ்க்கச் சொன்னாள். மல்லிகை மண்ணில் விழுந்தது. பிறகு பையைத் திறந்து, துணிக்கட்டை அவிழ்த்து, சப்பாத்துக்குள் கைவிட்டாள். கை நிறைய உப்பிய கடலை வந்தது. அவள் ஒரு நிமிடம் எங்களையே பார்த்தாள். பிறகு அங்கே நின்ற போலீஸ் சார்ஜனைக் கூப்பிட்டாள்.

அன்றைக்கென்று வாசலில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியும் இருந்தான். கிராணியை வரச் சொல்லி எங்கள் பேச்சை இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல வைத்தார்கள். அப்பா கைகட்டிக்கொண்டு, சப்பாத்து இறுக்கம், அதை அகலப்படுத்தக் கடலை என்று சொன்னார். கிராணி அதைச் சொன்னதும் அதிகாரி சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மரம் வெட்டுகிறவளுக்கு ஏது இந்தச் சப்பாத்து என்று கேட்டான். சாப்பாட்டைச் சப்பாத்துக்குள் ஒளித்து வைப்பவர்கள் எதையும் செய்வார்கள் என்றான். எங்களை ஏற்றிப்போக வந்திருந்த லோரி வாசலுக்கு வெளியே உறுமிக்கொண்டு நின்றது. கோயிலில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்கள். சாமியாருக்கு அதற்குப் பிறகு வேறு ஊரில் பூசை. கலியாணம் கைநழுவிப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அம்மா அந்த ஆளின் பூட்ஸ் காலில் விழுந்தாள். அவன் பின்னால் நகர்ந்துகொண்டான்.

கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். இது அவளுடைய சப்பாத்து என்றால் போட்டு நடந்து காட்டட்டும். கடலையை ஒரு பீங்கான் தட்டில் கொட்டிவிட்டு, ஈரம் சொட்டும் சப்பாத்தை அக்காவிடம் கொடுத்தார்கள்.

"ஜாலான்" என்றான் சார்ஜன், நட என்று தெருவைக் காட்டி.

முந்தின நாள் பெய்த மழையில் செம்மண் ரோடு குழைந்து கிடந்தது. தலைவிரி கோலமாக, வெள்ளைச் சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் அக்கா நடந்தாள். திருப்பம்வரை போய் வந்தாள். வேலைக்குப் போகும் வரிசை முழுவதும் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அதிகாரி சிகரெட் பற்றவைத்துக்கொண்டு, இன்னொரு தடவை என்று கை காட்டினான். மறுபடியும் நடந்தாள். குதி மண்ணில் புதைந்து புதைந்து எழுந்தது, ஆனால் அவள் தடுமாறவில்லை, நொண்டவில்லை. அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே நிமிர்ந்து, சின்ன அடியாக வைத்து நடந்தாள். ஸ்பெஷல் போலீஸ்காரன் ஒருவன் சீட்டியடித்தான். என்னைக் கடந்து போகும்போது அக்கா குனியாமலே மெல்லச் சொன்னாள்.

"கால் வலிக்கலடி."

அதைக் கேட்டதும் எனக்கு ஏறிய ஆத்திரத்தை இன்றைக்கும் என்னால் சொல்லி முடியாது. வலித்திருந்தால் அழுதிருப்பாள், நானும் கூட அழுதிருப்பேன். வலிக்காமல் நடக்க நாங்கள் அத்தனை பாடுபட்டது, இவன்கள் முன்னால் இப்படி நடந்து காட்டத்தானா? அந்தச் சப்பாத்தில் தகடு ஒட்டிய கையை, மெழுகு தேய்த்த கையை வெட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது.

விட்டுவிட்டார்கள். கடலை மட்டும் சாட்சிக்கு இங்கேயே இருக்கட்டும் என்றார்கள்.

லோரியில் போகும்போதே அம்மா கொண்டை போட்டாள், பூ இல்லாமல். நான் முந்தானையைக் கிழித்துச் சப்பாத்தின் சேற்றைத் துடைத்தேன், என் முந்தானையை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாமியார் கிளம்ப எழுந்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா ஏன் நேரமாயிற்று என்று கேட்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே காலைத்தான் பார்த்தார். சப்பாத்து இருக்கிறதா என்று பார்த்து, அவள் பீடம்வரை நடப்பதைப் பார்த்து, திருப்தியாகப் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னார். தாலி கட்டியபோது எல்லாரும் அழுதார்கள். எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

பிறகு படம் எடுக்கக் கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். சீனக் கிழவர் ஒருவர் கறுப்புத் துணிக்குள் தலையைவிட்டுப் பார்த்தார், வெளியே வந்து தலையை ஆட்டினார். மூலையிலிருந்து ஒரு மரப் பெட்டியை இழுத்துப் போட்டார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு இதன்மேல் ஏறி நில் என்று மலாயில் அக்காவிடம் சொன்னார். குதிச் சப்பாத்து போட்டால் ஆள் அசையுமாம், படம் கலங்கிவிடுமாம். இங்கே வருகிற எல்லாப் பெண்களும் இதில்தான் நிற்பார்களாம். முழங்காலுக்குக் கீழே எப்படியும் படத்தில் விழாதாம்.

ஒரு மரப் பெட்டி. அதைச் சொல்ல எங்களுக்கு ஒரு ஆள் இல்லை. உயரம் வேண்டும் என்று கேட்ட அந்த அம்மா, ஆகா நல்ல யோசனை என்று சிரித்தார். அக்கா சப்பாத்தைக் கழற்றினாள், வெறுங்காலோடு பெட்டியில் ஏறினாள், விரல்களை விரித்து நன்றாக ஊன்றிக்கொண்டாள். அதனால்தான் படத்தில் அவள் முகம் அவ்வளவு அமைதியாக இருக்கிறது. எல்லாரும் அதைப் பொருத்தம் என்கிறார்கள்.

பிரியும்போது அக்கா சப்பாத்தை என் கையில் கொடுத்துவிட்டாள். ஊரடங்கு நேரத்துக்குள் நாங்கள் மூன்று பேரும் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. வாசலில் மறுபடி சோதனை. சோதனைக்காரி என் பையை வாங்கிச் சப்பாத்துக்குள் கைவிட்டாள். அவளுக்குப் பின்னால் காவல் கொட்டகையில் ஸ்பெஷல் போலீஸ்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருந்தார்கள். அதே பீங்கான் தட்டு. உப்புப் போட்டு வேகவைத்திருந்தார்கள். காலையில் சீட்டியடித்தவன் நான் பார்ப்பதைப் பார்த்து, தட்டை என் பக்கம் நீட்டி, "மாக்கான் லா" என்றான், சாப்பிடு என்று.

அப்பா என் கையைப் பிடித்தார். நான் உதறினேன்.

"காட்டுக்காரங்களுக்குன்னுதானே வெச்சோம். நீங்களே தின்னுங்க."

தமிழில்தான் சொன்னேன். அவன் புரியாமல் சிரித்துக்கொண்டு இன்னொரு கடலையை வாயில் போட்டான். சோதனைக்காரிக்குப் புரிந்தது. சப்பாத்துக்குள் இருந்த அவள் கை அப்படியே நின்றது. அவள் சார்ஜனைக் கூப்பிட ஒரு வார்த்தை போதும். அவள் கூப்பிடவில்லை. என் கொண்டையை அவிழ்க்கவும் இல்லை. சப்பாத்தைப் பையில் போட்டு, போ என்று தலையசைத்தாள். அதற்காக அவளை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்து, அம்மாவும் அப்பாவும் முன்னறையில் சுருண்டு கிடக்க, அடுப்படியில் உட்கார்ந்து அந்தச் சப்பாத்தை என் காலில் போட்டேன். என் காலும் அக்கா கால் அளவுதான். அகலம் சரியாக இருந்தது. ரப்பர் தகடு காலைச் சறுக்காமல் பிடித்துக்கொண்டது. பின்விளிம்பு அறுக்கவில்லை. எழுந்து நின்று அடுப்பிலிருந்து கதவுவரை நடந்தேன், எங்கேயும் வலிக்கவில்லை. அடுத்து என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு எல்லாம் தயாராக இருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.